பழக்கம் என்று எழுதிய கட்டம்

அந்த நீல அட்டைப் பயிற்சிப் புத்தகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. நான் ஒரு நர்சிங் பள்ளியில் ஆசிரியை. கடலோர மக்களின் பண்பாட்டைப் புரிந்துகொண்டு வைத்தியம் பார்க்க மாணவிகளைப் பழக்க வேண்டும் என்று அரசாங்கம் நிதி ஒதுக்கியிருந்தது. நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. அது எங்களிடம் வந்து சேர்ந்த லட்சணத்தைத்தான் சொல்கிறேன்.

முதலில் மூன்று நாள் வகுப்பு, ஏசி ஹாலில். பாடம் எடுக்க வந்தவர் திரையில் படம் படமாகப் போட்டார். "கடலோர மக்கள் நம்பிக்கைகள் நிறைந்தவர்கள். அவற்றை நீங்கள் மதிக்க வேண்டும்" என்றார். கூனிமேட்டு மாணவி ஒருத்தி எழுந்து, "சார், நானும் கடலோரம்தான். என்ன நம்பிக்கைன்னு சொன்னீங்கன்னா நானும் தெரிஞ்சுப்பேன்" என்றாள். ஹால் முழுக்கச் சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்கவில்லை, அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

பிறகு மரக்காணம் உப்பளத்தில் களப்பணி. மருத்துவ முகாம் போட்டு, வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். நம்பிக்கை, பழக்கம், உணவு, சடங்கு என்று அதில் கட்டங்கள். வேலை செய்யும் இடம் எப்படி இருக்கிறது என்று எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது.

பிரம்மதேசம் பக்கத்திலிருந்து உப்பு சுமக்க வரும் ஒரு பெண் முகாமுக்கு வந்தாள். நான்கு மாதக் கர்ப்பம். இதற்கு முன் ஒரு பிள்ளை ஆறாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. இப்போது நீர்க்கடுப்பு, லேசான காய்ச்சல். கூனிமேட்டு மாணவிதான் அவளிடம் படிவத்தோடு உட்கார்ந்தாள்.

"ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்கக்கா?"

"வேலைக்கு வந்தா வீட்டுக்குப் போற வரைக்கும் குடிக்க மாட்டேம்மா."

"ஏங்க்கா?"

மேஸ்திரி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இங்க பொம்பளைங்க யாரும் குடிக்க மாட்டோம். பழக்கம்தான்."

மாணவி அதை அப்படியே பழக்கம் என்ற கட்டத்தில் எழுதினாள். நான் கீழே கையெழுத்துப் போட்டேன். இருபது வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவளுக்குப் புத்தி எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

மாத்திரை கொடுத்து, நிறையத் தண்ணீர் குடி என்று சொல்லி அனுப்பினோம். பதினைந்து நாளில் அதே எரிச்சலோடு வந்து நின்றாள். மறுபடி மாத்திரை, மறுபடி அதே அறிவுரை. மூன்றாம் முறை எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஏம்மா, சொன்னா காதுலயே வாங்க மாட்டியா? ஒரு புள்ளைய விட்டது போதாதா, இதையும் விடணுமா?" என்று கத்திவிட்டேன். அவள் கோபப்படவில்லை. "ஒரு நாளு எங்ககூட வேலைக்கு வந்து பாருங்க நர்சம்மா" என்றாள்.

போனேன், வீம்புக்குத்தான். விடிவதற்கு முன்பே அவளோடு உப்புப் பாத்தியில் நின்றேன். அவளுக்கு எடுத்துக்காட்டாக இருக்கட்டும் என்று, அவள் பார்க்கப் பார்க்க ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்தேன். எட்டரை மணிக்கு அடிவயிறு முட்டியது. சுற்றிப் பார்த்தேன். பாத்தி, வரப்பு, மறுபடி பாத்தி, மறுபடி வரப்பு. முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி கிடையாது. அடுத்த பாத்தியில் ஆண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் சாலையில் பஸ் போகிறது.

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னா நர்சம்மா, முட்டிக்கினு வருதா? இன்னொரு பாட்டில் குடிக்கிறதுதானே!"

கடைசியில் இரண்டு பெண்கள் பழைய சேலை ஒன்றைப் பிரித்து எனக்கு மறைப்புப் பிடித்தார்கள். "உங்களுக்குப் புடிக்கிறோம். எங்களுக்கு வேலைய விட்டுட்டு தெனம் யாரு வந்து புடிப்பா?" என்றாள் ஒருத்தி.

மறுநாளே நிதியைக் கவனிக்கும் அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். மிச்சமிருக்கும் நிதியில் உப்பளத்துப் பெண்களுக்கு இரண்டு கழிப்பறை கட்டிக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"மேடம், இது ட்ரெய்னிங்குக்கு வந்த ஃபண்டு. கட்டடம்னா வேற ஹெட். இதுல கை வெச்சா என் தலைதான் உருளும்."

"சார், அங்க பண்பாடும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஒதுங்க இடம் இல்ல, அவ்ளோதான்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார். "வேணும்னா ஒண்ணு பண்ணலாம். தண்ணி குடிக்கிறது எவ்ளோ அவசியம்னு அந்த லேடீஸுக்கே ஒரு நாள் ட்ரெய்னிங் வெப்போம். அதுக்கு ரூல்ல இடம் இருக்குது."

தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அதற்கப்புறமும் விட்டேனா? மேலிடத்துக்குக் கடிதம், நினைவூட்டல் கடிதம், அதற்கும் மேலே ஒரு கடிதம். என் கைக்காசில் நாலு கம்பும் ரெண்டு கீற்றும் வாங்கிப் போய் ஒரு மூலையில் மறைப்புக் கட்டியிருக்கலாம். அரை நாள் வேலை. அது எனக்குத் தோன்றவே இல்லை, கடிதம் எழுதத்தான் தோன்றியது.

ஆறாம் மாதத்தில் நீர்க்கடுப்பு முற்றி, குளிர்காய்ச்சலோடு அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இந்தப் பிள்ளையும் தங்கவில்லை.

கூனிமேட்டு மாணவிக்கு அந்த வார்டில்தான் டியூட்டி. என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "மேடம், நான் எழுதுன அந்த ஃபார்மைத் திருப்பி வாங்க முடியுமா?" என்று கேட்டாள். எங்கே வாங்குவது? படிவங்களைத் தொகுத்து, அடுத்த வருஷத்து மாணவிகளுக்காக நீல அட்டை போட்ட புத்தகமாகவே அச்சடித்துவிட்டார்கள். உப்பளப் பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்காத பழக்கம் உடையவர்கள் என்று அதில் இருக்கிறது.

கட்டிலில் கிடந்தவள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். மடக் மடக்கென்று குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். அதையும் குடித்தாள். மூன்றாவது டம்ளரை வாங்கும்போது வார்டின் கோடியிலிருந்த கதவைக் கண்ணால் காட்டினாள்.

"இங்கதான் பக்கத்துலயே இருக்குதே நர்சம்மா. பயமில்லாம குடிக்கலாம்."