ஐந்தரை மணிக்கு அடித்த கார்டு

லாண்டரிப் பெண்களின் ஓவர்டைம் காசைச் சரளா தின்றாள் என்று மாடிப்படியில் நின்று பேசுகிறவர்கள் முதலில் அந்தப் பேச்சை நிறுத்தட்டும். தின்னவில்லை. ஒரு சென்கூடத் தின்னவில்லை. தின்றிருந்தால் ஈப்போ புந்தோங் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில், தண்ணீர் ஏறாத குழாயோடு இருபது வருஷம் ஏன் மல்லுக்கட்டுகிறாள்? முதலாளி சங்கிலி வாங்கிக் கொடுத்தார் என்பதும் வாய்க்கு வந்த கதை. அதற்காக அவள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல யாரும் வரவில்லை. செய்தாள். என்ன செய்தாள் என்று முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

சரளா பிறந்தது சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவினார்கள். அந்தத் தோட்டத்து ஆபிஸில் கணக்கெழுதிய பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். அவர் சைக்கிள் வருவது தெரிந்தால் போதும், சரளாவின் அப்பா தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். கிராணி எத்தனை மணிவரை ஆபிஸில் உட்கார்ந்திருந்தாலும் அதற்கென்று தனிக்காசு கேட்டதில்லை. மணி பார்ப்பதும் மிச்ச வேலைக்குக் கை நீட்டுவதும் கூலி ஆட்களின் குணம் என்று லயத்து வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள். சரளாவும் அதை அப்படியே நம்பி வளர்ந்தாள்.

தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறி வீடும் கைவிட்டுப் போன பிறகு ஈப்போவுக்கு வந்தாள். தஞ்சோங் ரம்புத்தான் போகிற சாலையில், ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் லாண்டரி ஒன்று இருக்கிறது. வேலை கேட்டுப் போன அன்றே முதலாளி ரஜீவ், "எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். சொன்னாள். அவர் சிரித்தார். "அட, எங்க தாத்தா அங்கதானே கிராணியா இருந்தார்!"

ரஜீவுக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது. இவளைவிடச் சின்னவர். ஆனாலும் அந்தச் சொல் காதில் விழுந்ததும் சரளாவின் முதுகு தானாக வளைந்தது. அவளைக் கெடுத்தது அந்த முதுகுதான்.

பத்து வருஷம் கழித்து அவளைச் சூப்பர்வைசர் ஆக்கினார் ரஜீவ். "இனி நீங்க ஸ்டாஃப் அக்கா. ஸ்டாஃப் மணி பாக்கிறதில்ல" என்றார். சரளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா இருந்திருந்தால் பார்த்திருப்பாரே என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு மாலையில் எத்தனை மணிவரை நின்றாலும் ஓவர்டைம் என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. அது குறை என்று அவளுக்குத் தோன்றியதுமில்லை. பெருமையாக இருந்தது.

2023 பிறந்ததும் சட்டம் மாறியது. வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரமாக இருந்த வேலை நாற்பத்தைந்தானது. ரஜீவ் அவளை ஆபிஸுக்குள் கூப்பிட்டார்.

"சட்டம் நேரத்தக் குறைச்சிடுச்சு. ஓட்டல்காரன் பெட்ஷீட்டக் குறைக்கலையே. நான் என்ன செய்யட்டும் அக்கா?"

"என்ன செய்யணும் சொல்லுங்க தம்பி."

"அஞ்சரைக்கு எல்லார் கார்டையும் நீங்களே அடிச்சிடுங்க. அப்புறம் ரெண்டு மணி நேரம் சும்மா உதவிக்கு நிக்கட்டும். நீங்க சொன்னா கேப்பாங்க."

கேட்டார்கள். ரஜீவ் சொல்லியிருந்தால் முணுமுணுத்திருப்பார்கள். சரளா சொன்னதால் கேட்டார்கள். பதினோரு பேரில் பாதிப்பேர் அதே அடுக்குமாடி. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சடங்கு நடந்தாலும் முதலில் வந்து அடுப்பு மூட்டுகிறவள் சரளா. சுவரோரம் வரிசையாகச் சொருகியிருந்த கார்டுகளைத் தினமும் எடுத்து, நேரம் பதியும் இயந்திரத்தில் ஒவ்வொன்றாக டக் டக்கென்று அடித்தாள். யாராவது முகம் சுளித்தால், "கூலிக்காரி மாதிரி மணி பாக்காதீங்கடி, கம்பெனி நம்ம கம்பெனி" என்று அதட்டவும் செய்தாள். இப்போது அந்த வார்த்தையை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி பாப்பா. சரளாவின் எதிர்வீடு. புருஷனை இழந்தவள், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. இரண்டு பேரும் ஒரே விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துப் பதினைந்து வருஷம் மடித்தவர்கள்.

போன ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழு இருபதுக்குப் பாப்பாவின் வலது கை விரிப்பைத் தேய்க்கும் சுடு ரோலரில் மாட்டிக்கொண்டது. சரளாதான் பாய்ந்து இயந்திரத்தை நிறுத்தினாள். நான்கு விரலும் வெந்துபோயிருந்தன. அந்தக் கையால் இனி மடிக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

வேலையில் அடிபட்டவர்களுக்குச் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிப் பணம் உண்டு. பாப்பா மனுப் போட்டாள். சொக்சோ அலுவலகத்தார் கார்டைப் பார்த்துவிட்டு நியாயமான கேள்வி ஒன்று கேட்டார்கள்: ஐந்தரைக்கு வேலை முடித்துப் போனவள் ஏழு இருபதுக்கு ரோலர் பக்கத்தில் என்ன செய்தாள்?

ரஜீவ் ஒரு கடிதத்தைத் தட்டெழுதிச் சரளாவின் முன்னால் வைத்தார். சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போன பாப்பா அதை எடுக்கத் திரும்பி வந்தாள், யாரும் சொல்லாமல் இயந்திரத்தைத் தொட்டாள் என்று அதில் இருந்தது.

"பாப்பாவுக்கு நான் தனியா ஏதாவது செய்வேன் அக்கா. இதுல மட்டும் ஒரு கையெழுத்து."

சரளா படித்தாள். புரியாமல் போட்டாள் என்று யாராவது அவளுக்கு வக்காலத்து வாங்கினால் அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள். புரிந்துதான் போட்டாள்.

ஒரு வாரம் கழித்து மாடிப்படியில் பாப்பா வழிமறித்தாள். கையில் தலையணை மாதிரி கட்டு.

"நான் எதுக்கு ஃபேக்டரிக்குத் திரும்பி வந்தேன்னு எழுதிக் குடுத்தக்கா?"

சரளா சுவரைப் பார்த்தாள். "டப்பா எடுக்க."

பாப்பா சிரித்தாள். அழுதிருந்தால் தாங்கியிருக்கலாம். "நான் எந்தக் காலத்துல டப்பா கொண்டு வந்தேன் லா? பதினைஞ்சு வருஷமா உன் டப்பாலதான தின்னேன். பொய் சொல்றதுதான் சொன்ன, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லியிருக்கலாமே."

"பாப்பா, உள்ள வந்து பேசவா?"

"இன்னிக்கு வேண்டாம். வான்னு சொல்ல வாய் வரல." தன் வீட்டுக்குள் போய் இரும்புக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் சரளா லீவு போட்டாள். யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். சாந்தினி என்ற சின்ன வயது அதிகாரி உட்கார வைத்தாள். கடிதம் பொய் என்றாள் சரளா. இரண்டரை வருஷமாகக் கார்டு அடித்தது தன் கை என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தாள். அந்தப் பெண் திட்டவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இதுல கையெழுத்துப் போடுங்க. பாப்பா இத சொக்சோவுக்குக் கொண்டு போகலாம். உங்க ஓவர்டைம் என்னாச்சு அக்கா?"

"எனக்கு ஏதுமா? நான் ஸ்டாஃப்."

"ஸ்டாஃபோ கூலியோ, பேர்ல ஒண்ணும் இல்ல. மாசச் சம்பளம் நாலாயிரம் ரிங்கிட்டுக்குள்ள இருந்தா, நேரத்துக்கு மேல செஞ்ச வேலைக்கு ஒண்ணரை மடங்கு குடுக்கணும். நீங்க கேக்கவே இல்லையா?"

கேட்கவில்லை. கேட்காததைத்தான் பெருமை என்று மார்பில் குத்திக்கொண்டு திரிந்தாள். தன்னை ஏமாற்றினார்கள் என்று அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தனக்கு உரியதைக் கேட்கக் கூசியதோடு, பதினோரு பேர் கேட்டுவிடாமல் அவர்கள் வாயையும் அடைத்தோமே என்று உடம்பு கூனியது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். சாந்தினி தண்ணீர்ப் போத்தலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அடுத்த நாள் வேலைக்குப் போனாள். ஐந்தரை ஆனதும் கார்டுகளை எடுத்தாள். அடிக்கவில்லை. ஒவ்வொருத்தியின் கையிலும் அவளவள் கார்டைக் கொடுத்தாள்.

"போறப்ப நீங்களே அடிங்க. எத்தனை மணிக்குப் போறீங்களோ அப்ப."

ஒருத்தியும் நன்றி சொல்லவில்லை. அவர்களில் கலாதேவி மட்டும், "இப்பத்தான் விடிஞ்சுதா அக்கா?" என்றாள்.

ரஜீவ் ஆபிஸ் வாசலுக்கு வந்தார்.

"தம்பி, நான் லேபர் ஆபிஸ்ல சொல்லிட்டேன்."

அவர் கத்தவில்லை. "கார்டு அடிச்சது யாரு? என் கை அதுல பட்டதே இல்லையே அக்கா."

"படல. அதையும் சொல்லிட்டேன்."

மிச்சமிருந்த பத்துப் பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ரோலர் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. சரளா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ஒருவர் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கத் தெம்பில்லாமல், தரையைப் பார்த்தபடியே கதவைத் திறந்து வெளியே போனாள்.