கரண்ட் டீச்சர் வீட்டுக் குழாய்

பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கரண்ட் டீச்சர் என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர்தான், நாளடைவில் தலைமையாசிரியரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மின்சாரப் பாடம் வந்துவிட்டால் அவளைப் பிடிக்க முடியாது. "கம்பிக்குள்ள எலக்ட்ரான் நத்தையைவிட மெதுவாத்தான் நகரும். ஆனா கம்பி முழுக்க இருக்கிற எலக்ட்ரான் எல்லாம் சேர்ந்தாப்புல நகர ஆரம்பிச்சிடும். அதான் சுவிட்சைப் போட்டதும் பல்பு எரியுது" என்பாள். "போற கரண்டுக்குத் திரும்பி வர ஒரு வழி வேணும். வழியில்லைன்னா ஓடாது. வழி கிடைக்கிறவரைக்கும் வாசல்லயே நிக்கும்" என்றும் சொல்வாள். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இந்தப் பெருமை வீட்டில் செல்லுபடியாகவில்லை. குளியலறைக் குழாயைத் தொட்டால் விரலில் விர்ரென்று ஏறுகிறது என்று அவள் சொன்னபோது, "உனக்கு எதைத் தொட்டாலும் கரண்ட்தான்" என்று கணவர் பேப்பரைப் புரட்டினார். தொந்தரவு எப்போதும் இருக்கவில்லை. கொஞ்ச நேரம் இருக்கும், பிறகு போய்விடும், திரும்ப வரும். ஒரு நாள் மெயின் சுவிட்சை அணைத்து வீட்டையே இருட்டாக்கிவிட்டு, டெஸ்டரைக் குழாயில் வைத்தாள். உள்ளே மங்கலாக ஒரு சிவப்பு துடித்தது. "நம்ம வீட்டுக் கரண்ட் இல்லைங்க இது" என்றாள். கணவர் பேப்பரை மடித்து வைத்தார்.

குழாய் மாடியிலிருந்து இறங்குகிறது. மாடியில் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவரும் அவர் மனைவியும் மட்டும். டீச்சர் மேலே போய்க் கேட்டாள். அவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"தண்ணிக் குழாயில கரண்டா? நல்லாருக்கு டீச்சர் உங்க கதை. இந்த வீட்டு ஒயரிங் எல்லாம் நானே பாத்துப் பாத்துச் செஞ்சது."

"ஒரு தடவை ஆளை விட்டுப் பார்த்துடலாமே சார்."

"எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று கதவைச் சாத்தினார்.

அந்த வாரம் மகள் சோப்புக் கையோடு குழாயைத் தொட்டு அலறினாள். அதற்கு மேல் டீச்சரால் பொறுக்க முடியவில்லை. பிளம்பரை வரவழைத்தாள். "மேலேருந்து வர்ற இரும்புக் குழாயை இங்கே வெட்டிட்டு பிளாஸ்டிக் போட்டுட்டா உங்களுக்கு வராதும்மா" என்றார் அவர். அதுவும் சரியென்றே பட்டது. விடுமுறை நாள் காலையில் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு வேலையை முடித்தார். வெறுங்காலோடு, ஈரக் கையோடு குழாயைப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, துணி காயப்போடப் போனபோது மாடிப்படியில் மேல்வீட்டு அக்கா நின்றாள்.

"காலையில பிளம்பர் வேலை செஞ்சிட்டிருந்தப்ப ஃப்ரிட்ஜ் திடீர்னு நின்னுபோச்சு டீச்சர். இவரு வேற கடைக்குப் போயிருக்காரு. வர்றதுக்குள்ள துணியையாவது அலசிடலாம்னு போறேன்."

"பழைய ஃப்ரிட்ஜ்தானே அக்கா. மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்து, டீச்சர் அரிசியைக் கழுவ ஆரம்பித்தாள்.

இரண்டாம் தண்ணீர் ஊற்றும்போது கை நின்றது. ஃப்ரிட்ஜ் எப்போது நின்றது? குழாயை வெட்டியபோது. குழாய்க்கும் ஃப்ரிட்ஜுக்கும் என்ன சம்பந்தம்? ஃப்ரிட்ஜுக்குள் போன மின்சாரம் இத்தனை நாளும் இந்த இரும்புக் குழாய் வழியாகத்தான் மண்ணுக்கு இறங்கியிருக்கிறது. ஓடும்போதெல்லாம் அதில் கொஞ்சம் விரலுக்கு வந்திருக்கிறது. இப்போது அந்த வழியை அவளே அடைத்துவிட்டாள். மேலே இருக்கிற குழாய் முழுக்க மின்சாரம் நிற்கிறது, யாராவது ஈரத்தில் நின்று தொடட்டும் என்று.

"அக்கா, குழாயைத் தொடாதீங்க" என்று கத்திக்கொண்டே ஓடினாள். மாடியில் வாளி உருளும் சத்தம் கேட்டது. அவள் மேலே போகவில்லை. படிக்கு அடியில் இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்து மேல்வீட்டு ஃப்யூஸைப் பிடுங்கினாள். அதன் பிறகுதான் படியேறினாள்.

அக்கா ஈரத்தரையில் மல்லாந்து கிடந்தாள். மூச்சில்லை. பள்ளியில் என்றோ கொடுத்த முதலுதவிப் பயிற்சியை நினைத்துக்கொண்டு டீச்சர் நெஞ்சை அழுத்தினாள். கணவர் ஆம்புலன்ஸுக்குப் பேசினார். கீழே வண்டி வந்து நிற்கும்போதுதான் அக்காவுக்கு ஒரு இருமல் வந்தது.

பிழைத்துக்கொண்டாள். வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் மடங்கினது மடங்கினபடியே நின்றுவிட்டன.

ஃப்ரிட்ஜுக்குப் போன கரண்ட் திரும்பி வருகிற கம்பி சுவருக்குள் அறுந்துபோனதாம். சுவரை உடைக்க மனசு வராமல், மாடிவீட்டு சார் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் குழாயில் சுற்றிவிட்டார். "நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு டீச்சரைப் பார்த்து, "நீங்க அந்தக் குழாயை வெட்டாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவளும் தன்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் அவர்கள் மகன் வீட்டோடு போய்விட்டார்கள். கிளம்புகிற அன்று அக்கா கீழே வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஒயரு எனக்குத் தெரியும் டீச்சர். தினமும் தரை துடைக்கிறப்ப கையால ஓரமா தள்ளிவச்சுட்டுத்தான் துடைப்பேன். எதுக்கு இதுன்னு அவரை ஒருநாளும் கேட்டதில்லை."

வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அக்கா கையை விட்டுவிட்டுப் போய் ஏறிக்கொண்டாள்.