அழகுமலையை விட்டுவந்த ஜமேதார்

ஜமேதார் பேச்சிமுத்து சேற்றில் கால் வைக்கமாட்டார். சமயநல்லூருக்கு மேற்கே வாய்க்கால் பாசனத்தில் அவருக்கு நாலு ஏக்கர் வயல் இருந்தது. உழவுக்குத் தண்ணீர் கட்டிவிட்டால் வரப்போடு திரும்பிவிடுவார். நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவர் அரசியலுக்கு வந்ததே அதனால்தான் என்று ஊரில் சிரிப்பார்கள். காரணம் அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் 1940 வரை தெரியாது.

நான் மரியராஜ். மதுரையில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். பேச்சிமுத்து சட்டசபைக்குக் கொண்டுபோகும் கேள்விகளையும் மனுக்களையும் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தவன்.

1916இல் அவர் பட்டாளத்தில் சேர்ந்தபோது கூடவே அழகுமலையையும் இழுத்துக்கொண்டு போனார். மாப்பிள்ளை மச்சான் முறை. அழகுமலையின் மனைவி முனியாயிக்கு அப்போது ஆறாவது மாதம். பாதை போட்டுப் பதுங்குகுழி வெட்டும் படை அது. கப்பலில் ஏற்றி, துருக்கிக்காரர்களோடு சண்டை நடந்த மெசபடோமியாவுக்கு அனுப்பினார்கள்; இப்போது ஈராக் என்கிறார்கள். மூன்று வருடம் கழித்துப் பேச்சிமுத்து ஜமேதார் என்ற பதவி உயர்வோடு திரும்பினார். அழகுமலைக்குப் பதிலாகக் காகிதம்தான் வந்தது. முதலில் 'காணவில்லை' என்று. அப்புறம், 'இறந்ததாகக் கருதப்படுகிறது' என்று. முனியாயி தாலியைக் கழற்றினாள். அவர்கள் வழக்கத்தில் மறுபடி கட்டிக்கொள்ளலாம்; கேட்டு வந்தவர்களும் உண்டு. அவள் சம்மதிக்கவில்லை. மகன் கருத்தக்கண்ணனை வளர்த்தாள்.

1937 தேர்தலில் பட்டாளத்தில் இறந்தவர்களின் பென்ஷன் வாங்கும் விதவைகளுக்கும் ஓட்டு உண்டு என்று சட்டம் சொன்னது. அந்த ஊர்ப் பெண்களில் முனியாயிக்கு மட்டும் அப்படி ஓட்டு வந்தது. மனு எழுதிக் கொடுத்தது நான்தான். காங்கிரஸ் அலை அடித்த அந்த வருடத்தில் எந்தக் கட்சியிலும் சேராத பேச்சிமுத்து அறுபத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தார். மாலையோடு வந்தவரிடம் முனியாயி சொன்னாள், "எம் புருசன் குடுத்த ஓட்டுண்ணே. ஒங்களுக்குத்தான் போட்டேன்." அவர் மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அன்று முழுக்க வெளியே வரவில்லை.

சட்டசபையில் அவர் மிதவாதி. வெள்ளைக்காரனை வெளியேறு என்று சத்தம் போடமாட்டார். அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டவும் மாட்டார். ஒரே ஒரு விஷயத்தில்தான் விடாப்பிடி. நம் சிப்பாய்களை எந்த நாட்டுக்கு அனுப்புவது என்று நம்மைக் கேட்க வேண்டும் என்பார். "வெளிநாட்டு விவகாரம் இந்தச் சபையின் வேலையல்ல" என்று சபைத் தலைவர் உட்காரச் சொல்வார். உட்கார்ந்துகொள்வார். அடுத்த கூட்டத்துக்கு அதே கேள்வியை வேறு வார்த்தையில் எழுதச் சொல்வார். 1939இல் போர் வந்தபோதுதான் அவரை முழுதாகப் பேசவிட்டார்கள்.

"ஜெர்மனியைத் தடுக்கத்தான் வேணும். அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா கிழக்க பர்மா வாசல் தெறந்து கெடக்கு. அதைக் காக்காம, நம்ம ஆளுகளப் பாலைவனத்துக்கு அனுப்பாதீக. அங்க நமக்கு ஒரு வேலையும் இல்ல."

காங்கிரஸ்காரர்கள் அவரைச் சர்க்காரின் ஆள் என்றார்கள். கலெக்டர் ஆபீசில் நன்றிகெட்டவன் என்றார்கள்.

அடுத்த வருடம் ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல், நான் அவர் வீட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். முனியாயி மகனோடு வந்தாள்.

"அண்ணே, பட்டாளத்துக்குப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். ஒங்க கிட்டச் சிபாரிசுக் கையெழுத்து வாங்கணும்னுதான் வந்திருக்கான். போடாதீக. புத்தி சொல்லுங்க."

பேச்சிமுத்து அவனைப் பார்த்தார். அப்பன் ஜாடை அப்படியே இருந்தது. பிறகு தரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"நான் சொல்லாத ஒண்ணு இருக்கு, தங்கச்சி. மழையில, சேத்துல பின்வாங்கி வாரோம். அழகுமலைக்குத் தொடையில குண்டு. தோள்ல போட்டுக்கிட்டு ஒரு மைல் வந்தேன். அதுக்கு மேல முடியல. ஆத்தங்கரையில சாய்ச்சு வச்சிட்டு, ஆள் கூட்டிட்டு வாரேன்னு சொன்னேன். 'மச்சான், வந்துருவேல்ல'ன்னு கேட்டான். வாரேன்னேன். போகல. போயிருக்கலாம். பயந்துட்டேன். சேத்து வாடை அடிச்சா இன்னைக்கும் அவன் கூப்பிடுறது கேக்குது."

அவர் எதிர்பார்த்தது வசவு. மகனை அவள் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள் என்றும் நினைத்திருப்பார். முனியாயி மெல்லக் கேட்டாள்.

"நீங்க விட்டுட்டு வரும்போது உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பேசுனாரா?"

"பேசுனான்."

"துருக்கிக்காரக புடிச்சிட்டுப் போயிருப்பாகளோ?"

அவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. "போயிருக்கலாம்" என்றார்.

அவள் எழுந்து மகனிடம், "கையெழுத்து வாங்கிக்க. போயி ஒங்கப்பனத் தேடு" என்றாள்.

பேச்சிமுத்து மறுத்துப் பார்த்தார். அவள் அசையவில்லை. கையெழுத்துப் போட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை முனியாயி விரலி மஞ்சளைக் கயிற்றில் கோத்துத் தானே கழுத்தில் கட்டிக்கொண்டாள். இருபது வருடத்துக்கும் மேலான பிறகு பூவும் வைத்தாள். ஊரில் ஒருவரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கப் பயந்தார்கள்.

1941இல் கருத்தக்கண்ணனின் படையைப் பஸ்ராவில் இறக்கினார்கள். எந்த மண்ணுக்கு ஆள் அனுப்பாதே என்று ஜமேதார் பேசினாரோ, அதே மண். அவனுடைய கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். ஆற்றோரம் பழைய போரில் செத்தவர்களுக்குப் பெரிய சுவர் கட்டியிருக்கிறார்களாம். வெள்ளைக்காரர்களுக்குப் பெயர் வெட்டியிருக்கிறதாம். நம் சிப்பாய்களுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும்தானாம்.

"அவுக பேரு இல்லையில்ல?" என்றாள் முனியாயி. "அப்பச் சாகல."

அதன்பின் செவ்வாய்க்கிழமைதோறும் வந்தாள். எந்தப் பக்கம் சாய்த்து வைத்தீர்கள், சட்டை நனைந்திருந்ததா, தண்ணீர் கேட்டாரா என்று விசாரிப்பாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார். அவள் போன பிறகு கூஜாத் தண்ணீரைக் காலி செய்வார். "முன்ன அவன் மட்டுந்தான் கூப்பிட்டான் வாத்தியாரே" என்றார் ஒருநாள். "இப்ப ரெண்டு பேரு."

1942இல் ஜப்பான்காரனிடம் ரங்கூன் விழுந்தது. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் மதுரை ரயிலடியில் கால் வீங்கிக் கிடந்தார்கள். அவரைத் திட்டியவர்களே, ஜமேதார் அன்றே சொன்னார் என்று வீடு தேடி வந்தார்கள். "பலிச்சதுன்னு சந்தோசப்பட நான் சோசியக்காரனில்ல" என்று அனுப்பிவிட்டார்.

1944 கார்த்திகையில் முனியாயி காய்ச்சலில் இறந்தாள். மகன் எங்கோ போர்முனையில். குளிப்பாட்டிய பெண்களுக்குள் தகராறு வந்தது. மஞ்சள் பூசிப் பூ வைத்து அனுப்புவதா, கயிற்றைக் கழற்றி அனுப்புவதா? கடைசியில் சீனியம்மாள் என்ற கிழவி வாசலுக்கு வந்து கேட்டாள்.

"ஜமேதாரே, நீங்கதான் கடைசியாப் பாத்தவரு. அழகுமலை இருக்கானா, இல்லையா?"

"நான் விட்டுட்டு வரும்போது இருந்தான்" என்றார் பேச்சிமுத்து. "அதுக்கு மேல தெரியாது."

பூவோடுதான் தூக்கினார்கள்.

1946இல் கருத்தக்கண்ணன் முழுதாகத் திரும்பினான். தாய்க்குச் செய்ய வேண்டிய காரியத்துக்கு நாள் குறித்துவிட்டு அவரிடம் வந்தான்.

"மாமா, அந்த ஆத்தங்கரையப் பாத்தேன். காயம்பட்டவன் ஒரு ராத்திரி தாங்கமாட்டான். ஆத்தாளுக்கு எழுதல. அப்பாவுக்கும் சேத்துச் செஞ்சிரவா?"

வாசலில் வெயில் நகர்ந்தது.

"செஞ்சிரு."

அவன் போனதும் என்னிடம் சொன்னார், "அன்னைக்கு விட்டுட்டுத்தான் வந்தேன், வாத்தியாரே. இன்னைக்குத்தான் கொன்னேன்."

அந்த வருடத் தேர்தலில் அவர் நிற்கவில்லை. மூன்று வருடம் உயிரோடிருந்தார். அதற்குள் தேசம் கைமாறியது. காஷ்மீரில் சண்டை வந்தது. அபிப்பிராயம் கேட்டுப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். தலைவலி என்று என்னைச் சொல்லச் சொன்னார்.