மளிகைச் சீட்டில் ஒரு புத்தகம்

டன்லப் தெருவில் மிளகாயும் பருப்பும் மொத்த வியாபாரம் செய்த நாகூர் கனி, 1959இல் கடை மாடியில் ஒரு நூலகம் திறந்தார். சென்னையிலிருந்து பன்னிரண்டு பெட்டிப் புத்தகங்கள் கப்பலில் வந்தன. ‘நாகூர் கனி நூலகம்’ என்ற பலகை கடையின் பலகையைவிடப் பெரிது. அதில் அவருக்குக் கூச்சமே இல்லை. வருத்தமெல்லாம் வேறு. மாடிக்கு வந்தவர்கள் பேப்பர் பார்த்தார்கள், காற்றாடிக்குக் கீழே தூங்கினார்கள். அலமாரியை யாரும் திறக்கவில்லை.

மங்களம் அந்த மாடியைப் பார்த்ததுகூட இல்லை. நகரின் இன்னொரு பகுதியான குவீன்ஸ்டவுனில் ஐந்தாவது மாடி வீட்டில், துறைமுகத்தில் வேலை பார்த்த கணவர் அழகப்பனோடும் இரண்டு மகள்களோடும் இருந்தாள். கல்யாணத்துக்காக இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். மாதம் இருமுறை நாகூர் கனி கடை வேன் சாமான் கொண்டுவரும். அடுத்த தடவைக்கான சீட்டை வேன் ஓட்டுகிற சுந்தரம் வாங்கிப்போவார்.

மாடி நூலகத்தைப் பற்றிச் சுந்தரம் சொல்லக் கேட்டு, ஒருநாள் அவள் சீட்டில் இப்படி எழுதினாள்: ‘துவரம்பருப்பு, சீரகம், வரமிளகாய், உங்கள் மாடியிலிருந்து படிக்க ஒரு புத்தகம்.’

சுந்தரம் சிரித்துக்கொண்டே அதை முதலாளியிடம் நீட்டினார். நாகூர் கனி சிரிக்கவில்லை. மாடியேறிப் போய், இருப்பதிலேயே கனமானதாகப் பார்த்து ஒரு உலக வரலாற்றை எடுத்துவந்து பருப்போடு வைத்தார்.

இரண்டு வாரத்தில் அது திரும்பி வந்தது, பக்கமெல்லாம் மஞ்சள் கறையோடு. முதலாளி திட்டப்போகிறார் என்று சுந்தரம் பயந்தார். நாகூர் கனி நிதானமாகப் புரட்டினார்.

“கடைசிப் பக்கத்துலயும் மஞ்சள் இருக்கு பாருங்க. முழுசாப் படிச்சிருக்காங்க!”

பிறகு பக்கத்து வீட்டுப் பெண்களும் சீட்டில் புத்தகம் கேட்டார்கள். வருஷம் முடிவதற்குள் வேனில் அதற்கென்று ஒரு மரத்தட்டு அடித்தாயிற்று.

1961இல், பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு உதவித்தொகை தரப்போவதாக நாகூர் கனி பேப்பரில் அறிவித்தார். மங்களம் கணவரோடு கடைக்கே வந்துவிட்டாள்.

“பாய், வயசு இருபதுக்குள்ளன்னு போட்டிருக்கீங்க. எனக்கு இருபத்தொன்பது. இன்னும் பள்ளிக்கூடம் முடிக்கிற கேம்பிரிட்ஜ் பரீட்சையே எழுதல. இருந்தாலும் கேட்டுப் பார்ப்போம்னு வந்தேன்.”

அவர் அழகப்பனைப் பார்த்தார். “நீங்க என்ன சொல்றீங்க தம்பி?”

“நான்தானே கூட்டிட்டு வந்தேன் லா.”

நாகூர் கனி மங்களத்திடம் திரும்பினார். “நான் கப்பல் வர்ற தேதியைத் தவிர எதையும் ஒழுங்காப் படிச்சதில்லம்மா. வயசு விதியெல்லாம் வக்கீல் எழுதினது. எடுத்துடச் சொல்றேன். முதல்ல கேம்பிரிட்ஜுக்கு டியூஷன் போங்க. அதுவும் என் பொறுப்பு.”

அந்த வருஷம் மங்களம் கணக்கில் தவறினாள். வெட்கத்தில் மளிகைச் சீட்டே கொடுக்கவில்லை. ஆனால் சீட்டு இல்லாமலே சாமான் வந்தது. மேலே ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. அவள் அழுதாள்; அழுது முடித்ததும் முதல் கணக்கைப் போட்டுப் பார்த்தாள்.

மறுவருஷம் தேறினாள். மேல்வகுப்புப் பரீட்சையையும் வீட்டிலிருந்தே எழுதி, அறுபத்தைந்தில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தாள். வகுப்பில் எல்லாரையும்விட மூத்தவள் அவள்தான். சிலர் அவளை விரிவுரையாளர் என்று நினைத்து எழுந்து நின்றதைச் சொல்லிச் சொல்லி மகள்கள் சிரித்தார்கள்.

1968இல் பட்டமளிப்பு விழாவுக்கு நாகூர் கனி வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக வந்து முன்வரிசை கேட்டு உட்கார்ந்தார். வெளியே வந்ததும் அவருக்கு ஒரே குறை.

“பேரை அவ்வளவு வேகமா வாசிச்சா எப்படி? ஏழு வருஷம் காத்திருந்தவனுக்குக் காதுல விழ வேண்டாமா?”

மங்களத்துக்கு நகருக்கு வெளியே புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியை வேலை கிடைத்தது. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். முதல் நாள் தொண்டை கட்டிப்போய் வீடு திரும்பினாள். அன்று அழகப்பன் சமைத்திருந்தார். சோறு குழைந்திருந்தது. அவள் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு, நாற்பது பிள்ளைகளின் பெயரையும் ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.