கள்ளிப் பொரியல்

ரவுண்ட் ராக் என்ற அமெரிக்க ஊரில் எங்கள் அப்பார்ட்மென்ட்டுக்குக் கீழ்வீட்டில் ஒரு மெக்சிகோ ஆன்ட்டி இருந்தார். பள்ளி விட்டதிலிருந்து அம்மா ஆபீஸிலிருந்து திரும்பும்வரை நான் அவர் பொறுப்பு. அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: கறி, முட்டை கூடாது. எனக்கு அப்போது எட்டு வயது.

அந்தப் பிற்பகல்கள் இப்போது பாதிக் கனவாகத்தான் தெரிகின்றன. சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்த சோளத்தின் மணம் வீடெல்லாம் நிறைந்திருக்கும். ஆன்ட்டி அதை அரைத்து, உள்ளங்கையில் தட்டித் தட்டிக் கல்லில் போடுவார். அந்தச் சத்தத்திலேயே சோபாவில் எனக்குக் கண் சொருகிவிடும். எழுப்பித் தட்டை நீட்டுவார். சூடான சோள ரொட்டியும், வெங்காயம் தக்காளி போட்டு வதக்கிய ஒரு பச்சைக் காயும் இருக்கும். வெண்டைக்காய் மாதிரிக் கொழகொழப்பு, லேசான புளிப்பு. உலகத்தில் அதைவிட ருசியான பண்டம் கிடையாது என்று நம்பினேன்.

ஒருநாள் அவர் அதை முள் சீவி நறுக்குவதைப் பார்த்துவிட்டேன். சப்பாத்திக்கள்ளி! தாராபுரம் பக்கம் அம்மாவின் ஊரில் வேலியோரம் நிற்குமே, அதே கள்ளி. லீவுக்குப் போனபோது அதைத் தொட்டதற்கே அம்மாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறேன். விஷமாம். தினமும் தின்கிறேன் என்று தெரிந்தால் மறுநாளே டேகேரில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவாள். ஆகவே என்ன சாப்பிட்டாய் என்று அம்மா கேட்கும்போதெல்லாம் கூசாமல் டாக்கோ என்றேன். மெக்சிகோ என்றால் அவளுக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா நன்றி சொல்ல ஆன்ட்டியைச் சாப்பிடக் கூப்பிட்டாள். சாம்பார் அவருக்கு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ என்று, கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும், மடித்துப் பொரித்த மஞ்சள் டாக்கோ ஓடுகளை வாங்கி, உருளைக்கிழங்கு மசாலாவை அடைத்து, மேலே சீஸைத் தூவி அடுக்கினாள். அதே பெட்டியை முன்பொருமுறை கடையில் காட்டி, எங்கள் ஊரில் இதை யாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, இதைப்போய் எங்கள் சாப்பாடு என்கிறார்களே என்று ஆன்ட்டி என்னிடம் பொருமியிருக்கிறார்.

அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். அது அப்பளமாக நொறுங்கி மடியெல்லாம் சிந்தியது. தினமும் இவளுக்கு நீங்கள் கொடுக்கும் டாக்கோ மாதிரி வந்திருக்கிறதா என்று அம்மா ஆங்கிலத்தில் ஆசையாகக் கேட்டாள். ஆன்ட்டி என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

அப்படியே அதேதான் என்றார் ஆன்ட்டி.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாடி, ஆன்ட்டிக்கு எவ்ளோ பிடிச்சிருக்கு! இன்னொண்ணு வைக்கட்டுமான்னு கேளு." ஆன்ட்டி இன்னொன்றும் வாங்கிக்கொண்டார். தப்பித்தோம் என்று இருந்தது எனக்கு.

மறுநாள் கீழ்வீட்டில் தட்டும் சத்தம் இல்லை. என் தட்டில் இரண்டு மஞ்சள் ஓடுகள் இருந்தன. கள்ளி எங்கே என்று கேட்டேன். இனிமேல் இதுதான் என்றார், கோபமே இல்லாத குரலில். பக்கத்தில் உட்கார்ந்து அவரும் அதையே நொறுக்கினார். அடுத்த நாளும் அதேதான், அதற்கடுத்த நாளும். தண்டனை என்று நினைத்து வாரக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நான் அம்மாவிடம் இனியும் பொய் சொல்ல வேண்டியிராதபடி அவர் செய்த காரியம் அது என்று புரிய, எட்டு வயது போதவில்லை.