ரோதமுனிக்கு நேர்ந்துவிட்ட எட்டுச் சிலிண்டர்

அந்த வண்டியின் எட்டுச் சிலிண்டரில் ஒன்றைக்கூட நான் விட்டுக்கொடுக்கவில்லை. தோட்டத்தை நடத்தும் பெரிய தொரையின் முகத்துக்கு நேரே நின்று "ஏலாதுங்க" என்று சொன்னவன் நான். கதையை இங்கேயே நிறுத்தினால் எனக்குச் சிலை வைப்பார்கள். ஆனால் அன்று பக்கத்தில் நின்ற என் மச்சான் இன்னும் திடகாத்திரமாக இருக்கிறார். இதை வாசிக்கவும் வாசிப்பார். ஆகவே என் தொடை இரண்டும் அன்று ஆடிய ஆட்டத்தையும் சேர்த்தே எழுதவேண்டியிருக்கிறது.

அப்போது நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மெக்கானிக். பெக்டரியில் மெசின் நின்றாலும் ரோட்டில் லொறி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த கையோடு எங்கள் வெள்ளைக்காரத் தொரை நாட்டைவிட்டுப் போனார். நாய்களைச் சிநேகிதருக்குக் கொடுத்தார். காரைத் தோட்டத்துக்கே எழுதி வைத்துவிட்டு, சாவியை மட்டும் என் உள்ளங்கையில் அழுத்தி, பார்த்துக்கொள் என்றார். ஏதோ கோழிக்குஞ்சைக் கொடுப்பதுபோல.

கார் அமெரிக்காவில் செய்தது. நீண்ட மூக்கு, குட்டை வால், இரண்டே கதவு. முன்பக்கக் கம்பி வலைக்கு நடுவில் ஒரு குதிரை ஓடிக்கொண்டிருக்கும். கரும்பச்சை நிறம். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் நடக்கும் மலையேற்றக் கார்ப் பந்தயத்துக்கென்றே தொரை அதை வரவழைத்திருந்தார். ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. எங்கள் ரோட்டிலோ வண்டிகள் இடப்பக்கமே போகவேண்டும். அதனால் ஓட்டுகிறவர் எப்போதும் தண்ணீர் ஓடும் ரோட்டோரக் கானுக்கு மேலேயே உட்கார்ந்திருப்பார். எதிரே என்ன வருகிறதென்று பார்த்துச் சொல்ல வலப்பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். ஷெட்டிலிருந்து பெக்டரி முற்றம் வரை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆள் என் மச்சான்தான். கையைக் கட்டிக்கொண்டு அவர் சும்மா உட்கார்ந்திருக்க, வண்டி தானாகப் போவதைப் பார்த்துக் கொழுந்து எடுக்கும் பெண்கள் மலையில் நின்றபடியே கும்பிட்டதுண்டு.

வண்டியின் கடுதாசிகள் முழுசாக இருந்தன. எந்தக் கப்பலில் வந்தது, எந்த மாதத்தில் செய்தது, என்ன நம்பர் எஞ்சின், எல்லாவற்றுக்கும் ஆதாரம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப்பேருக்குப் பிறப்புப் பதிவே கிடையாது. பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டுவிட்டு, தாங்கள் இந்தியாவா இலங்கையா, எந்த நாட்டு ஆள் என்று யாரோ சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். நானும் அந்த வரிசையில்தான் நின்றேன். அந்தத் தோட்டத்தில் தான் யாரென்று சந்தேகமில்லாமல் இருந்தது அந்தக் கார் மட்டும்தான். அதன்மேல் எனக்குப் பொறாமை உண்டு. அதைவிடப் பாசம் அதிகம்.

பாசம் இருந்தால் போதாது, ஸ்பானர் வேண்டும். பெக்டரி மெசின்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. ஸ்பானர்களும் அந்த அளவு. அமெரிக்க நட்டுக்கு ஒன்று தொளதொளக்கும், அடுத்தது ஏறவே ஏறாது. எனக்கு முந்தி யாரோ பலவந்தமாகத் திருகி இரண்டு நட்டுகளை உருண்டையாக்கி வைத்திருந்தார்கள். பழைய ஸ்பானர்களை அரத்தால் ராவி ராவி ஒரு செட் தயாரிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் போனது. காரிலிருந்த புத்தகத்தின் படங்களைப் பார்த்துப் பாடம் படித்தேன். சிலிண்டர்கள் எந்த வரிசையில் வெடிக்கவேண்டும் என்பது எஞ்சின் தலையிலேயே வார்ப்பு எழுத்தில் இருந்தது: ஒன்று, ஐந்து, நாலு, இரண்டு, ஆறு, மூன்று, ஏழு, எட்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் கல்யாண நாளைக் கேட்டால்தான் தடுமாறுவேன்.

புதிய தொரை சிங்களவர். கெட்டவர் இல்லை. உரம் ஏற்ற வண்டி போதவில்லை என்பது அவருடைய கஷ்டம். ஒரு நாள் காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் வரிசையாக நிற்கும்போது, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஏ மெக்கானிக், திங்கக்கெழம ஹட்டன்ல இருந்து ஆள் வாறது. அந்த காரோட பின்பக்கம் வெட்டுறது. ஒடஞ்ச லொறியோட டீசல் எஞ்சின் அதுக்குப் போடுறது. பெக்டரிக் கூரைக்கு அடிச்ச வெள்ளிப் பெயிண்ட் மிச்சம் இருக்கு, அத அடிக்கிறது. சரியா?"

சரிங்க தொர என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான்.

"ஏலாதுங்க தொர."

யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாருமில்லை.

"ஏன் ஏலாது?"

காரணம் எனக்கும் தெரியாது. என் கண் பெக்டரி வாசல் பக்கம் ஓடியது. அங்கே மஞ்சள் பூசிய ஒரு கல் இருக்கும். ரோதமுனி. பெக்டரியின் ரோதைகளுக்கெல்லாம், அதாவது சுற்றும் சக்கரங்களுக்கெல்லாம், அவர்தான் காவல். அவருக்குச் சூடம் காட்டாமல் எங்கள் ஆட்கள் மெசினில் கை வைப்பதில்லை.

"நேந்து விட்டிருக்குங்க. ரோதமுனிக்கு."

சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா என்றால் அதை ஒருவரும் விற்கக்கூடாது, கட்டக்கூடாது, அதன் மயிரைக்கூடக் கத்தரிக்கக்கூடாது. காரை நேர்ந்துவிட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்கவேண்டும். தொரை சிரிக்கவில்லை. முன்பொரு முறை சின்னத் தொரை ஒருவர் வாசலை அகலமாக்க அந்தக் கல்லை நகர்த்தியதும், கல் பழைய இடத்துக்குத் திரும்பும்வரை ஒருவரும் பெக்டரிக்குள் போகாததும், வாடப்போட்ட கொழுந்து முழுக்கப் பாழானதும் அவருக்குத் தெரியும். மத்தியானம் ரோதமுனி முன்னால் வந்து விசாரிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ரோதமுனிக்குப் பூசாரி யார்? என் பெண்சாதியின் அண்ணன். கொழுந்து அரைக்கும் ரோலரில் வேலை செய்யும் அதே மச்சான். பெரட்டுக் கலைந்ததும் என் சட்டையைப் பிடித்துக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"எப்ப மாப்ள நேந்த?"

"இப்பத்தான் மச்சான். வாயில வந்திருச்சு."

"வாயில வந்திருச்சா? நீ தப்பு பண்ணுனா வந்து ஜாமீன் நிக்கிறதுக்கா ரோதமுனி ஒக்காந்திருக்காரு?"

அவர் பொய் சொல்லமாட்டார். சாமி பெயரில் சாகும்வரை சொல்லமாட்டார். தொரை கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்றார். நான் காலில் விழாத குறை. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: தொரை வருவதற்குள் நிஜமாகவே நேர்ந்துவிட்டால் பொய் இல்லை. மஞ்சள் கரைத்து, எஞ்சின்மேல் சிவப்புத் துணி கட்டி, குங்குமம் வைத்து, சூடம் கொளுத்திவிட்டு என் தலையில் கையை வைத்தார்.

"கெடாவுக்கு என்னவோ அதுதான் இதுக்கும். இதுல உள்ளது எதையும் கழட்டி வீசக் கூடாது. இதுல இல்லாதது எதையும் உள்ள சேக்கக் கூடாது. சரின்னு சொல்லு."

சரி என்றேன். பயத்தில் இருப்பவனிடம் சிறுநீரகத்தைக் கேட்டாலும் சரி என்பான். சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது: வண்டியின் கார்புரேட்டர் ஒழுகிக்கொண்டிருந்தது, அதற்குப் பதிலாகப் பூட்ட ஒரு ஜீப்பின் கார்புரேட்டரை என் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்திருந்தேன். அதை விட்டால் வண்டி ஓட எனக்கு வேறு வழி தெரியாது.

மத்தியானம் தொரை வந்தார். மச்சானிடம் கேட்டார், நேர்ந்துவிட்டது உண்மை என்று மச்சான் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, என்ன சொல்லி நேர்ந்தாய், சொல் என்றார். சாமி பெயர்கூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே இருந்த ஒரே மந்திரத்தைச் சொன்னேன்.

"ஒன்னு, அஞ்சு, நாலு, ரெண்டு, ஆறு, மூணு, ஏழு, எட்டு."

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். தொரை பெக்டரிப் பூசை வரைக்கும் எனக்குத் தவணை என்றார். பூசையன்று இந்த எஞ்சினிலேயே வண்டி மேட்டிலிருக்கும் தன் பங்களா வரைக்கும் ஏறவேண்டும். ஏறாவிட்டால் அன்றைக்கே வெட்டு.

"சாமி வண்டின்னா ஏறும்தானே?" என்றார் போகும்போது.

பூசைக்கு ஆறு வாரம் இருந்தது. ஐந்து நாள் பொறுத்தேன். ஆறாம் நாள், மச்சான் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஜீப் கார்புரேட்டரைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்தேன். அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"சாக்குல என்ன மாப்ள?"

"கெழங்கு மச்சான்."

"ஜீப்புல காச்ச கெழங்கா?"

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்து, வண்டியின் ஒவ்வொரு சாமானையும் தடவிப் பார்ப்பார். எஞ்சின் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எது பழையது, எது வந்தேறி என்று விரலுக்குத் தெரிந்துவிடும். வேறு வழியில்லாமல் அந்தப் பழைய கார்புரேட்டரைக் கழற்றிப் பிரித்தேன். இதை முதல்நாளே செய்திருக்கவேண்டும் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் மச்சான் கடிதம் எழுதுவார். உள்ளே பெற்றோலின்மேல் மிதக்கும் பித்தளைக் குப்பி ஒன்று உண்டு. அதைக் காதருகே வைத்துக் குலுக்கினால் இளநீர்போலச் சத்தம் கேட்டது. ஊசி முனையளவு ஓட்டை. குப்பிக்குள் பெற்றோல் புகுந்து அது மிதக்காமல் மூழ்கியதால்தான் இத்தனை ஒழுக்கும்.

ஈயத்தால் ஒரு பொட்டு வைத்தால் ஓட்டை அடையும். ஆனால் ஈயம் வெளியிலிருந்து வருகிறதே? மச்சானிடம் கேட்டேன். அவர் ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் காலைச் சூடம் காட்டி முடித்துக்கொண்டு வந்து தீர்ப்புச் சொன்னார்:

"காயத்துக்கு மருந்து போடலாம் மாப்ள. காலயே வெட்டிட்டு வேற கால் ஒட்டக் கூடாது."

கார்களைப் பழையபடி ஆக்குவதைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். இதற்குமேல் ஒருவரும் ஒன்றும் சொல்லிவிடவில்லை. உருண்டையாகிக் கிடந்த இரண்டு நட்டுகளையும்கூட நான் வீசவில்லை. அரத்தால் மறுபடி முகம் எடுத்து அதே இடத்தில் பூட்டினேன்.

பூசையன்று ஹட்டன் ஆள் இரும்பு வெட்டும் கேஸ் சிலிண்டரோடு வந்து பங்களா முற்றத்தில் காத்திருந்தார். தொரை பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் சாவியைத் திருகினேன். எட்டுச் சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசின; பெக்டரித் தகரம் அதிர்ந்தது. வலப்பக்கத்தில் மச்சான் வேப்பிலையோடு. பெக்டரியிலிருந்து பங்களாவுக்கு நாலு வளைவு. முதல் வளைவிலேயே வண்டி முக்கியது. இரண்டாவதில் முனகியது. ஏதோ கருகும் வாசனை வந்தது.

"சாமி சுருட்டுப் பிடிக்கிறாரு," என்று மச்சான் கையெடுத்துக் கும்பிட்டார்.

மூன்றாவது வளைவில் வண்டி நின்றுவிடும்போல இருந்தது. கியர் மாற்றுவதற்குப் பதிலாக ஹார்னை அடித்தேன். மேலே நின்ற கூட்டம் அதை வெற்றிச் சங்கு என்று நினைத்துக் கைதட்டியது. அப்போதுதான் என் முழங்காலில் இடித்த பிடியைப் பார்த்தேன். ஹேண்ட்பிரேக். அதை இழுத்துவிட்டபடியேதான் இவ்வளவு தூரமும் ஏறியிருக்கிறேன். விடுவித்த மறுகணம் வண்டி பாய்ந்த பாய்ச்சலில் மச்சானின் வேப்பிலை என் முகத்தில் ஒட்டிக்கொண்டது. நாலாவது வளைவு வந்ததும் போனதும் தெரியாது. கேஸ்காரர் சிலிண்டரை விட்டுவிட்டு ரோசாப் பாத்திக்குள் குதித்தார்.

தொரை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பொன்னெட் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்து எஞ்சின் அதிர்வதைப் பார்த்தார்.

"சரி. வெட்டுறது இல்ல. எஞ்சின் மாத்துறதும் இல்ல. வெள்ளிப் பெயிண்ட் மட்டும் அடிக்கிறது."

"ஏலாதுங்க தொர."

"அதுவும் ரோதமுனியா?"

ஆமாம் என்றால் முடிந்திருக்கும். மச்சான்கூட, பரவாயில்லை சொல்லிக்கொள் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"இல்லங்க தொர. இது நான் சொல்றது. இது பச்ச வண்டி. பச்சையாவே இருக்கட்டும்."

என் தொடை ஆடியதை அவர் பார்த்தார், வேட்டி காட்டிக்கொடுத்துவிட்டது. பிரேக் எரிகிறது, அதை முதலில் பார் என்று சொல்லி உள்ளே போனார். வெள்ளிப் பெயிண்ட் கடைசியில் கோழிக்கூட்டுக்குப் போனது. வீணாக வந்ததாக முணுமுணுத்த கேஸ்காரருக்கு ஜீப் கார்புரேட்டரைக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

எண்பதுகளில் வேறு தொரைமார் வந்தார்கள். ஒருவருக்குச் சிவப்புச் சீட் வேண்டும், இன்னொருவருக்கு ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றவேண்டும். ஒவ்வொருவருக்கும் நான் ஏலாது என்றேன். ஒவ்வொரு முறையும் தொடை ஆடியது. ஆடட்டும். வண்டி பச்சையாகத்தான் இருந்தது, ஸ்டியரிங் கான் பக்கம்தான் இருந்தது, மச்சான் வலப்பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.