ஜோத்பூருக்குப் புறப்பட்ட ஆட்டுக்கல்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஆட்டுக்கல் ஜோத்பூருக்குப் புறப்பட்டுவிட்டது.

இப்போதைக்குப் பக்கத்து வீடு வரை போயிருக்கிறது.

சிரிக்காதீர்கள். மிகுந்த பொறுப்போடுதான் எழுதுகிறேன். அந்தக் கல் அங்கே போய் உட்கார்ந்ததில் என் குடும்ப வாழ்க்கையே அடங்கியிருக்கிறது... முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் நிலவரம் தெரியும். வீடு நகரியில். உத்தியோகம் திருப்பதியில், மத்திய சர்க்கார் இலாகா ஒன்றில் குமாஸ்தா. திங்கட்கிழமை காலை ரயிலேறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் வீடு. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது. மனைவி அலமேலு நகரியில் என் நைனா, அம்மாவோடு இருக்கிறாள். அதாவது, கல்யாணமானவன் என்ற நினைப்பு எனக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வரும். அந்த ஒரு நாளும் நைனா என்னைக் கழனிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

திருப்பதியிலேயே ஓர் அறை பார்த்து அலமேலுவை அழைத்துக்கொள்ளக் கூடாதா என்பீர்கள். கேட்டுப் பார்த்தேன். "தோ கீற திருப்பதிக்கு இன்னாத்துக்குடா தனிக் குடித்தனம்?" என்றார் நைனா. தூரம் போதவில்லை.

இப்போது தூரம் வந்துவிட்டது. ஒரு படி மேலான உத்தியோகம் — ஜோத்பூரில். என் இடத்துக்கு ஆள் வந்ததும் விடுவிப்பார்கள். ஆடி முடிவதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். மறுத்தால் இதே நாற்காலியில் இதே மூட்டைப்பூச்சிகளோடு காலம் தள்ள வேண்டியதுதான்.

ஹெட் கிளார்க் உத்தரவை நீட்டிக்கொண்டே, "எடாரிலோ இட்லி தொருகுதுந்தா?" என்றார். பாலைவனத்தில் இட்லி கிடைக்குமா என்று தெலுங்கில் கேலி. நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் வம்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். ஆகவே உலகத்திலுள்ள ஊர்களெல்லாம் எனக்குத் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. அதை நானும் கெடுத்ததில்லை. ரயிலில் வரும்போதே பூகோளப் புத்தகத்தைப் புரட்டி, தார் பாலைவனம் என்ற பாடத்தை ஒரு தடவை பார்த்து வைத்துக்கொண்டேன்.

"ஜோத்பூரு எந்த ராஜ்யம்?" என்றார் நைனா.

"ராஜஸ்தான்."

"நாம எந்த ராஜ்யம்?"

"இப்போதைக்கு ஆந்திரா."

"அதான் கேக்கறேன். நீ அங்க போய் எறங்கறதுக்குள்ள நம்மள மெட்ராஸ்ல சேத்துட்டாங்கன்னா, கடுதாசில எந்த ராஜ்யம்னு எழுதுவ?"

இந்தக் கேள்விக்குப் பாடத்தில் பதில் இல்லை. ஆந்திரா-மெட்ராஸ் எல்லை விஷயமாக ஒரு கமிஷன் விசாரித்துக்கொண்டிருக்கிறது. கடைத்தெருவில் ஒருவர் நகரி மெட்ராஸுக்குத்தான் என்று அடித்துச் சொல்கிறார். மறுநாள் அவரே ஆந்திராவுக்குத்தான் என்கிறார். சட்டி பானையைக்கூட நகர்த்தாமல் தினம் ஒரு தடவை ராஜ்யம் விட்டு ராஜ்யம் போய் வருகிற குடும்பம் எங்களுடையது. ஓர் ஆளை மட்டும் தனியாகப் பிரித்து இன்னொரு ராஜ்யத்துக்கு அனுப்புவது எப்படி என்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

நைனாவுக்குத் தெரிந்திருந்தது.

"நீ மொதல்ல போ. ஊரு எப்டி கீது, தண்ணி எப்டி கீதுன்னு பாரு. அலமேலு இங்கயே இருக்கட்டும். அப்பறமா வந்து இட்டுக்கினு போவலாம்."

அப்பறமா என்றால் எப்போது? எங்கள் தெருவிலிருந்து பம்பாய் மில்லுக்குப் போன ஒருவரும் இப்படித்தான் அப்பறமா என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். அவர் மனைவிக்குத் தலை நரைத்துவிட்டது. இன்னும் தபால்காரனைப் பார்த்தால் எழுந்து நிற்கிறாள்.

நான் அங்கேயே வாய் திறந்திருக்க வேண்டும். ஆனால் நைனா முன்னால் நின்று 'என் பெண்டாட்டி என்னோடு வரட்டும்' என்று சொல்வதற்கு பி.ஏ. படிப்பே போதாது. நானோ எஸ்.எஸ்.எல்.சி.

அலமேலு அடுப்படியில் இருந்தாள். அங்கிருந்து புகை மட்டும் கொஞ்சம் அதிகமாக வந்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பட்டாளத்தார் வந்தார். யுத்தத்தின்போது எகிப்துப் பாலைவனத்தில் இருந்துவிட்டு வந்தவர். பாலைவனம் என்றால் எங்கள் தெருவுக்கு அவர்தான் அதாரிட்டி.

"மண்ணுதான் தம்பி. எங்க பாத்தாலும் மண்ணு. கல்லுன்னு ஒண்ணு கண்ல படாது. அடுப்பு மூட்டறதுக்குக் கல்லு தேடிக்கினு பாதிப் பட்டாளம் அலஞ்சிது."

ஜோத்பூரில் பெரிய பாறை மேல் கோட்டையே கட்டியிருப்பதாகப் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றேன்.

"பொஸ்தகம் எழுதுனவன் பாலைவனத்துக்குப் போயிருக்கானா?" என்றார். "நான் போயிருக்கேன்."

அம்மாவின் முகம் மாறியது. "கல்லே இல்லன்னா மாவு எதுல அரைக்கிறாங்க?"

"மாவாவது... ரொட்டிதான் அக்கா. தரைல போட்டா சத்தம் வரும், அந்த மாதிரி ரொட்டி."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீடு கேழ்வரகுக் களி வீடு. இட்லி தீபாவளிக்குத்தான், அதற்கும் பக்கத்து வீட்டுக் கல். அலமேலு தன் அம்மா வீட்டுச் சீராக ஓர் ஆட்டுக்கல்லோடு வந்து இறங்கிய பிறகே எங்களுக்கென்று சொந்தக் கல். அது முதல் ஞாயிற்றுக்கிழமை தோறும் இட்லி. ஆபீஸுக்குப் போகிறவன் இட்லி தின்ன வேண்டும் என்பது அம்மாவின் சித்தாந்தம். களி தின்றால் ஆபீஸில் தூக்கம் வருமாம். இட்லி தின்றாலும் வருகிறது. அதை நான் சொன்னதில்லை.

"எம்புள்ள ரொட்டியத் துன்னுட்டு ஆபீசுக்குப் போவுமா?" என்றாள் அம்மா. "கல்லு போவட்டும். கூட்ஸ் வண்டில போட்டு உடுங்க."

கல் போவதென்று ஏகமனதாக முடிவாயிற்று. கூட்ஸில் போட்டால் வழியில் விரிசல் விடும் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அடுத்த சிக்கல் — நாள்.

ஆடியில் குடித்தனம் கிளப்பக் கூடாது. அது தமிழ்ப் பஞ்சாங்கம். தெலுங்கில் ஆஷாடம், அது வருகிற அமாவாசை தாண்டினாலே பிறந்துவிடும். ஆஷாடம் முடிவதற்குள் ஆடி வந்து பிடித்துக்கொள்ளும். நாம் தமிழ்தானே, ஆஷாடத்தை விட்டுவிடலாமே என்றேன்.

"எந்த ராஜ்யம்னு முடிவாவறவரைக்கும் ரெண்டுத்தயும் பாத்துக்கறது நல்லது" என்றார் நைனா.

இரண்டையும் பார்த்ததில் மிஞ்சியது போன ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். ஆனால் அன்றைக்கு நான் எப்படிப் புறப்படுவது? என் இடத்துக்கு வர வேண்டிய புண்ணியவான் இன்னும் வந்து சேரவில்லையே.

இந்த மாதிரி இக்கட்டுக்குத்தான் பரஸ்தானம் என்று ஒன்று இருக்கிறது. பட்டணத்து வாசகர்களில் சிலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நல்ல நாளில் கிளம்ப முடியாதவர், தன் சாமான் ஒன்றை அந்த நாளில் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். பிறகு ஆள் எப்போது வேண்டுமானாலும் அங்கிருந்து சாமானை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். ஒரே ஒரு நிபந்தனை — வைத்த சாமான் திரும்பவும் வீட்டுக்குள் வரக் கூடாது. வந்தால் போகிற காரியம் விளங்காது.

வைப்பதற்குப் பட்டாளத்தார் வீட்டைத் தேர்ந்தெடுத்தார் நைனா. ஜோத்பூர் இருப்பது வடமேற்கே. ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம். பட்டாளத்தார் வீடு கிழக்கே இருக்கிறது. ஆகவே ஜோத்பூருக்கு நாங்கள் கிழக்கு நோக்கிப் புறப்பட்டோம். பூகோளம் படித்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எந்தச் சாமானை வைப்பது? நைனா என் வேட்டி ஒன்றை மடித்து எடுத்தார்.

"அத வெச்சிட்டா நாளைக்கு இன்னாத்தக் கட்டிக்கினு ஆபீசுக்குப் போவான்?" என்றாள் அம்மா.

குடையை எடுத்தார். "மழ வந்தா?" செருப்பை யாரும் பரஸ்தானம் வைப்பதில்லை. டிரங்குப் பெட்டி திருப்பதியில். நல்ல நேரமோ ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது அடுப்படி வாசலிலிருந்து அலமேலுவின் குரல் வந்தது. மாமனாரிடம் நேராகப் பேசுகிற வழக்கமில்லை, அம்மாவுக்குச் சொன்னாள்.

"அத்தே, எப்டியும் கல்லு போவப்போறதுதான? அதயே வெச்சிட்டா இன்னா? அது ஒண்ணுதான் ஜோத்பூருக்குன்னே முடிவான சாமானு."

நைனாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. "சரியான பேச்சு. கனமான சாமான். பயணம் ஆடாது, அசையாது."

கடப்பாரை வந்தது. கோணி வந்தது. தெருவில் சும்மா இருந்தவர்களெல்லாம் வந்தார்கள். அம்மா கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். எனக்கு உத்தரவு வந்த நாளில்கூட எனக்குக் கற்பூரம் காட்டவில்லை. கல்லை நெம்பி, உருட்டி, வாசற்படியின் ஒரு மூலையைப் பெயர்த்து, "பாத்து, பாத்து, காலு" என்று ஆளாளுக்குக் கத்தி, ஒருவழியாக அதைப் பட்டாளத்தார் வீட்டுக் கிணற்றடியில் கொண்டுபோய் உட்கார வைத்தோம். அலமேலு குழவியைத் தானே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பின்னாலேயே வந்தாள்.

பட்டாளத்தார் கை கழுவிக்கொண்டே கேட்டார். "கல்லு போவுது, சரி. அங்க மாவு யாரு அரைக்கிறது?"

"அவன்தான்" என்றார் நைனா. எல்லோரும் என் கைகளைப் பார்த்தார்கள். பேனா பிடித்த கைகள். நானும் பார்த்துக்கொண்டேன்.

"ஆள் வெச்சிக்கினாப் போச்சு" என்றாள் அம்மா.

"ரொட்டி துன்ற ஊர்ல மாவரைக்க ஆளா?" பட்டாளத்தார் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அது இருக்கட்டும் அண்ணே. இந்தக் கல்லு யாருது? அந்தப் பொண்ணோட அம்மா வூட்டு சீருதான? யாரு சாமான வெக்கறமோ அவங்க பயணம்தான பரஸ்தானம்? அப்ப இன்னிக்குப் பயணம் கெளம்புனது யாரு?"

நைனா கல்லைப் பார்த்தார். கடப்பாரையைப் பார்த்தார். "திருப்பி எடுத்தாந்துடலாம்" என்றார்.

"எடுத்தாந்துட்டா?" என்றாள் அம்மா. "அவன் உத்தியோகம் இன்னா ஆவுறது? நீதான சொன்ன, உள்ள வரக் கூடாதுன்னு?"

கடப்பாரை கீழே போயிற்று.

வீட்டுக்கு வந்து இரண்டு பஞ்சாங்கங்களையும் மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார் நைனா. என்னை வரி வரியாகப் படிக்கச் சொன்னார். தமிழிலும் சரி, தெலுங்கிலும் சரி, ஆட்டுக்கல்லுக்கு விலக்கு எங்கும் இல்லை. நான் ரொம்பத் தேடிப் பார்க்கவில்லை என்பதையும் உங்களிடம் மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கடைசியில் பஞ்சாங்கத்தை மூடினார். "பொம்பளப் பயணம் ஆரம்பிச்சிட்டா நடுவுல நிறுத்தக் கூடாது. அலமேலும் போவட்டும்" என்றார். இருட்டுவதற்குள் கடைத்தெருவில் அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதிலேயே விழுந்தது: "நான்தான் கண்டிப்பா சொல்ட்டேன், சின்னஞ்சிறுசுங்கள தனித்தனியா வெக்கக் கூடாதுன்னு."

எந்தக் கமிஷனுக்கும் தலைமை தாங்கத் தகுந்தவர் எங்கள் நைனா.

இப்போது எங்கள் வீட்டில் கல் இல்லை. மாவரைக்க அம்மாவும் அலமேலுவும் பட்டாளத்தார் வீட்டுக்குத்தான் போகிறார்கள். அரைக்கிற மாவில் பாதி அங்கேயே தங்கிவிடுகிறது. பட்டாளத்தார் கொஞ்சம் பூரித்திருக்கிறார். "அவசரம் ஒண்ணும் இல்ல தம்பி, உன் எடத்துக்கு ஆளு மெதுவா வரட்டும்" என்கிறார்.

எனக்கு வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. எல்லை விசாரணையில் ஊர் ஊராகக் கேட்கிறார்கள் — என்ன பாஷை பேசுகிறீர்கள், எந்தப் பக்கம் இருக்க இஷ்டம் என்று. கேட்டபடி செய்வார்களா என்பது வேறு விஷயம். கேட்கவாவது கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் இட்லியைப் பற்றிப் பேசினோம். நாளைப் பற்றி, திசையைப் பற்றி, கல்லைப் பற்றி எல்லாம் பேசினோம். அலமேலுவை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரேணிகுண்டாவைத் தாண்டி அறியாத பெண். பாஷை தெரியாத ஊர். அவளுக்குப் பயமாக இருக்காதா?

நேற்று சனிக்கிழமை. ரயிலிறங்கி வந்தபோது அவள் பட்டாளத்தார் வீட்டுக் கிணற்றடியில் மாவை வழித்துக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளே பேச்சில் இருந்தாள். சுற்றிலும் யாருமில்லை. இதுதான் சமயம் என்று, படித்தவன் கேட்க வேண்டிய முறையில் கேட்டேன்.

"அலமேலு, நெஜமாச் சொல்லு. ஜோத்பூர் வர்றதுக்கு உனக்கு இஷ்டமா?"

அவள் நிமிரவில்லை. குழவியைக் கழுவி, துடைத்து, ஓரமாகச் சாய்த்து வைத்தாள்.

"நான் வெக்கச் சொன்ன கல்லு வாசப்படி தாண்டுன அப்பறமா வந்து கேக்கறிங்க" என்றாள்.